முதலில் வாசிக்கட்டும், பிறகு எழுதட்டும்



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, சாலைத் தெருவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னை நிறுத்தி, தம் மகனுடைய ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் காட்டினார். பையன் ஒன்பதாம் வகுப்பு. நோட்டில் இருபது கட்டுரைகள் இருந்தன. முத்து முத்தான கையெழுத்து. தேடிப் பார்த்தாலும் பிழை இல்லை. "ட்யூஷனுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு கொடுக்கிறேன் சார், பலன் தெரிகிறது பாருங்கள்" என்றார். நான் பையனை அழைத்து, "தம்பி, இன்றைக்கு வீட்டிலிருந்து இங்கே எப்படி வந்தாய்? அதை நாலு வரி ஆங்கிலத்தில் எழுது பார்ப்போம்" என்றேன். பேனாவைப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றான். ஒரு வரி வரவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. எனக்கே ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

அந்தப் பையன் மக்கு அல்ல. இருபது கட்டுரையை மனப்பாடம் செய்தவனை மக்கு என்று யார் சொல்வார்? அவன் இதுவரை ஆங்கிலத்தில் ஒரு கதைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்ததில்லை, அதுதான் குறை. விசாரித்தேன். பாடப் புத்தகம், கைடு, ட்யூஷன் சார் தரும் ஜெராக்ஸ் தாள் இவை தவிர ஆங்கில எழுத்தை அவன் கண்டது கடைப் பலகைகளில்தான். வாசிக்காத மொழியில் எழுது என்றால் எங்கிருந்து எழுதுவான்? கிணற்றில் இருந்தால்தானே வாளியில் வரும்.

இதைப் பற்றி எழுத நான் ஆங்கில ஆசிரியன் அல்ல. ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு சிவில் என்ஜினீயரிங் டிப்ளமோ. அதற்கு முன் நாகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ்வழிப் படிப்பு. ஆனால் இரண்டாம் மொழியில் எழுதத் தெரியாததால் வரும் அவஸ்தையைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1981-ல் வேலையில் சேர்ந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் மீட்டர் கேஜ் பாதை ஒன்றில் எனக்கு முதல் மழைக்காலம். ஒரு நாள் அதிகாலை, வெட்டு ஒன்றில் மண் சரிந்து தண்டவாளத்தின் மேல் விழுந்தது. கேங்க் ஆட்களோடு போய் இரண்டு மணி நேரத்தில் மண்ணை அள்ளிப் பாதையைச் சுத்தம் செய்துவிட்டோம். பெருமையோடு ஒரு தாளில் ஆங்கிலத்தில் செய்தி எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்தனுப்பினேன். நான் எழுதியது இதுதான்: "எர்த் இஸ் ஃபாலிங் ஆன் தி லைன், வி ஆர் ரிமூவிங்." மண் விழுந்தது, அகற்றிவிட்டோம் என்பது என் மனதில் இருந்தது. தாளில் இருந்ததோ, மண் விழுந்துகொண்டே இருக்கிறது, அகற்றிக்கொண்டே இருக்கிறோம் என்பது! கன்ட்ரோலில் இருந்தவர் வேறு என்ன செய்வார்? வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை முந்தைய ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்துவிட்டார். சுத்தமான பாதை மழையில் நனைந்துகொண்டு கிடக்க, வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. ஒரு வினைச்சொல்லின் காலம் தவறியதற்கு ஒரு வண்டியின் காலம் தவறியது.

அதற்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். அதையும் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்! தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, எங்கள் தலைமை எழுத்தர், புனலூர்ப் பக்கத்து மலையாளி, சிரித்துக்கொண்டே பழைய கோப்புக் கட்டு ஒன்றை என் மேசையில் போட்டார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் பதினைந்து இருபது ஆண்டுகளாக எழுதிய விளக்கங்கள், ஆய்வுக் குறிப்புகள், மழைச் சேத அறிக்கைகள். "எடோ தம்பி, எழுத வேண்டாம். நாலு நாள் இதை வாசி. பிறகு எழுது" என்றார். வாசித்தேன். முதலில் விளக்கத்துக்காக வாசித்தேன். பிறகு சுவாரஸ்யத்துக்காக வாசித்தேன். எந்தப் பாலத்தில் எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது, யார் இரவில் நடந்து போய் வண்டியை நிறுத்தினார், எல்லாம் அதில் இருந்தது. நடந்து முடிந்ததை எப்படிச் சொல்வது, இன்னும் நடப்பதை எப்படிச் சொல்வது என்று யாரும் எனக்கு விதி சொல்லவில்லை. ஒரு மாதத்தில் கை தானாகச் சரியான வடிவத்துக்குப் போயிற்று. ஓய்வு பெறும்போது என் அறிக்கைகளைத் திருத்தாமல் அனுப்பலாம் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு முதல் காரணம் அந்த அழுக்குக் கோப்புதான்.

இது ஏதோ எனக்கு மட்டும் நடந்த அதிசயம் அல்ல. 1980-ல் ஃபிஜித் தீவில் இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வார்விக் எல்லி என்ற நியூசிலாந்துக் கல்வியாளரும் பிரான்சிஸ் மங்குபாய் என்பவரும் சேர்ந்து செய்தது. ஃபிஜி என்றால் நமக்கு அந்நிய மண் அல்ல. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்ட நம்மவரின் பேரப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 1926-ல் அவர்கள் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பல பள்ளிகளை நடத்துகிறது. நம்மைப் போல ஒரு சங்கம்! அந்த நாட்டின் கிராமப்புறப் பள்ளிகள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டார்கள். எட்டுப் பள்ளிகளின் நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. படங்கள் நிறைந்த, பிள்ளைகளுக்குப் பிடித்த கதைகள். சில வகுப்புகளில் ஆசிரியர் பெரிய புத்தகத்தைக் காட்டிப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். சில வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் இருபது முப்பது நிமிடம் தாமாகவே மௌனமாக வாசித்தார்கள். மற்ற நாலு பள்ளிகளில் வழக்கம் போல வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடமே நடந்தது.

எட்டு மாதத்தில், புத்தகம் பெற்ற பிள்ளைகளின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் சாதாரண வேகத்தைப் போல இரு மடங்கு முன்னேறியது. நம் விஷயத்துக்கு முக்கியமானது அடுத்தது. எழுதும் திறனில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது இரண்டாம் ஆண்டில், ஏறத்தாழ இருபது மாதம் கழிந்த பிறகு. இதைத்தான் நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ஜூன் மாதம் புத்தகம் வாங்கிக் கொடுத்து செப்டம்பர் பரீட்சையில் மார்க் எங்கே என்று கேட்டால் அது நடக்காது. புதிதாக ஜல்லி போட்டுக் கெட்டித்த பாதையில் முதலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் வண்டியை விடுவோம். அந்த மெதுவான வண்டிகள் ஓட ஓடத்தான் ஜல்லி அமரும். பிறகு படிப்படியாக வேகத்தை உயர்த்துவோம். முதல் நாளே நூறில் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லி பிற்பாடு இலங்கையிலும் இதே முறையைக் கொண்டு போனார். சிங்கப்பூரில் 1985-ல் தொடங்கிய ஒரு திட்டமும் இதே கருத்தில் எழுந்ததுதான். ஆனால் அதற்கெல்லாம் அரை நூற்றாண்டு முன்பே, நம் நாட்டிலேயே, அன்று வங்காளத்தின் பகுதியாக இருந்த டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இதைச் சொல்லிவிட்டார். 1926-ல் வெளியான அவர் நூல் வங்காளப் பிள்ளைகளின் இருமொழிக் கல்வியைப் பற்றியது. அதில் அவர் இன்ஷூரன்ஸ்காரர்களின் சொல் ஒன்றைக் கையாண்டார்: சரண்டர் மதிப்பு. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு வரும் என்று பார்ப்போமல்லவா, அது. பாதியில் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்கு அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன மிச்சம்? அரைகுறைப் பேச்சுப் பயிற்சிக்கும் இலக்கணத்துக்கும் சரண்டர் மதிப்பு மிகக் குறைவு. வாசிக்கத் தெரிந்துவிட்டால் அது எந்த வகுப்பில் நின்றாலும் கையில் இருக்கும், மேலும் வளரும். ஆகையால் வாசிப்பே முதல் என்றார். சொன்னதோடு நிற்காமல், கதைகளைக் குறைந்த சொற்களில் திருப்பி எழுதி வாசகங்களாகவும் வெளியிட்டார். நூறு ஆண்டு ஆகிறது. நாம் இன்னும் இலக்கணச் சூத்திரத்தையும் மனப்பாடக் கட்டுரையையும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம், போதாக்குறைக்கு இந்தி. மலையாள வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. நம் தமிழ் வினை மாறும். "அவன் போகிறான்" என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அந்த ஒற்றை 'எஸ்' எளிதாக வரவேண்டும். வருவதில்லை. காரணம் எனக்கு விளங்கவில்லை. தெருமொழியின் பழக்கமோ என்னவோ. ஆனால் வேறு இரண்டு பிழைகளுக்குக் காரணம் நன்றாக விளங்குகிறது.

"கடைக்குப் போய், அரிசி வாங்கி, வீட்டுக்கு வந்து, சோறு பொங்கினாள்" என்று நாம் எச்சத்தை எச்சத்தோடு கோத்து, முற்றுவினையைக் கடைசியில் ஒன்றே ஒன்று வைப்போம். அதே கோவையை ஆங்கிலத்தில் கட்டும் பிள்ளை, "கோயிங் டு ஷாப், பையிங் ரைஸ், கமிங் ஹோம்" என்று 'இங்' வண்டித்தொடர் ஒன்றை ஓட்டிவிடுகிறது. இது தப்பு என்று சிவப்பு மையால் சுழித்தால் போதாது. ஆங்கிலக் கதையில் ஆட்கள் எப்படிப் போகிறார்கள், வாங்குகிறார்கள், வருகிறார்கள் என்று நூறு முறை கண்ணால் கண்டால்தான் அந்தப் பழக்கம் விடும்.

இன்னொன்று 'ஏ', 'தி' என்னும் இரண்டு குட்டிச் சொற்கள். ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தில் இதற்கென்று விதிகள் பக்கம் பக்கமாக இருக்கும். (அந்த ரென் யார் தெரியுமோ? பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற புகழ் பெற்ற நாவலை 1924-ல் எழுதியவர் அவரே. கதை எழுதத் தெரிந்த மனிதரை நாம் இலக்கணக்காரராக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம்.) அந்த விதிகளை ஒப்பித்த பிள்ளையும் எழுதும்போது தடுமாறும். ஆனால் நம் பாட்டிமார் கதையையே பாருங்கள். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு..." முதல் முறை 'ஒரு'; கேட்பவருக்குத் தெரிந்த பிறகு 'அந்த'. ஆங்கிலக் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. இதை ஒரு தடவை காட்டிவிட்டுக் கதையைக் கையில் கொடுத்தால், பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்டு போகும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் பாதிப் பிழை போய்விடும்.

மூன்று ஆண்டாக என் வீட்டுத் திண்ணையில், கரமனையில், சனிக்கிழமை மாலை ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். ஏழாம் வகுப்பு முதல் ஒன்பது வரை. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். காசு வாங்குவதில்லை, சுண்டல் மட்டும் என் மனைவி உபயம். முதல் மூன்று மாதம் எழுத்தே கிடையாது. வாசிப்பு மட்டும். சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் புத்தகங்கள், டிங்கிள் பழைய இதழ்கள், பிரதம் வெளியிடும் தமிழ்-ஆங்கில இருமொழிக் கதைகள். ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் இரண்டாம் வகுப்புப் படக்கதையைக் கொடுக்க முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் தெரியாமல் போனால் அவன் வாசிப்பதில்லை, எழுத்துக் கூட்டுகிறான், அவ்வளவுதான். கீழிருந்து தொடங்கினால் ஆறு மாதத்தில் அவனாகவே தடித்த புத்தகத்துக்குப் போகிறான். தமிழ்நாட்டு அரசு 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறுசிறு தமிழ்க் கதைநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்களே, எவ்வளவு அருமையான பெயர்கள்! ஆங்கிலத்துக்கும் அதே படிகள்தாம் வேண்டும். நாம் நுழையவே விடாமல் பறக்கச் சொல்கிறோம்.

பிறகு ரஸ்கின் பாண்டின் 'சுரங்கத்தில் புலி' கதையை வாசித்தோம். மலைக் காட்டில் ரயில் சுரங்கக் காவலாளி பல்தேவ், அவன் மகன் டெம்பு. இரவு வண்டிக்கு விளக்கேற்றப் போகும் தகப்பனைப் புலி அடித்துவிடுகிறது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. "தாத்தா, நீங்கள் ஆரியங்காவுச் சுரங்கத்தில் புலியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒருத்தி கேட்டாள். யானைச் சாணத்தைப் பார்த்து ஓடியிருக்கிறேன் என்ற உண்மையைச் சொன்னேன்.

எழுத்தை இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பித்தோம். முறை என்னுடையது அல்ல. பெஞ்சமின் பிராங்க்ளின் தம் சுயசரிதையில் சொல்வது. அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிய சிறுவனாக இருந்தபோது 'ஸ்பெக்டேட்டர்' என்ற இதழின் தொகுதி ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதில் பிடித்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரிரு சொல்லில் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, புத்தகத்தைப் பாராமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் தம் சொற்களில் எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் தவறுகளைத் தாமே திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்திப் பார்ப்பாராம், கருத்தை ஒழுங்காக அடுக்கப் பழகுவதற்காக. பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டு பெற்றவர் அவர்.

திண்ணையில் இதைச் சுருக்கிச் செய்கிறோம். ஒரு பத்தி. ஒரு சனிக்கிழமை குறிப்பு; அடுத்த சனிக்கிழமை எழுத்து; உடனே மூலத்தோடு ஒப்பீடு. இதில் பெரிய அனுகூலம், திருத்துவது நான் அல்ல. பிள்ளையே தன் வரியையும் பாண்டின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. "இவர் சின்ன வாக்கியமாக நிறுத்திவிட்டார், நான் 'அண்டு' போட்டு இழுத்துவிட்டேன்" என்று ஒரு பையன் சொன்னான். எந்த இலக்கணப் புத்தகத்தில் அது இருக்கிறது? நானும் ஒரு சமயத்தில் ஒரு வகைப் பிழையைத்தான் தொடுவேன். இந்த வாரம் வினைச்சொல்லின் காலம் என்றால், மற்றதைக் கண்டும் காணாதது போல விட்டுவிடுவேன். எங்கள் கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து, தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்கிக்கொண்டே போவான். தளர்ந்த சாவி ஒன்று கண்டதற்காகப் பாதையையே பெயர்த்துப் போடுவதில்லை. நம் பள்ளிகளில் சில, பிள்ளையின் ஒரு பக்கக் கட்டுரையில் நாற்பது சிவப்புச் சுழி போட்டுத் தருகின்றன. அந்தப் பிள்ளை அடுத்த முறை சொந்தமாக எழுதுமா, கைடைப் பார்த்து எழுதுமா?

எல்லாம் வெற்றி என்று சொல்லவில்லை. ஏழு பேரில் ஒரு பையன் புத்தகத்தோடு ஒட்டவே இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் தவிர எதையும் வாசிக்க மாட்டேன் என்றான். ஸ்கோரையே வாசி என்று ஆங்கிலச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்தேன். இப்போதுதான் மெல்ல மெல்ல. இன்னொருத்தி நிறைய வாசிக்கிறாள், எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் போவதில்லை. வாசித்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கிராஷன் என்ற பேராசிரியர் ஏறத்தாழ அப்படித்தான் வாதிடுவார். என் அனுபவத்தில் அது முக்கால் உண்மை. பாக்கிக் கால் பங்குக்குப் பேனாவைப் பிடித்தே ஆகவேண்டும். ஆனால் ஒரு பெண், அப்பா சாலையில் வாழையிலைக் கடை, அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இலைக் கட்டு எண்ணுவதை ஒரு பக்கம் எழுதினாள். பிழை பத்தாவது இருக்கும். ஆனால் அந்த ஈர இலை வாசம் அதில் இருந்தது. அப்பாவிடம் வாசித்துக் காட்டித் தமிழில் அர்த்தம் சொன்னாளாம். அவர் ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் எனக்கு ஒரு கட்டு இலை வந்தது.

"இப்போது கைப்பேசியிடம் கேட்டால் அதுவே பிழையில்லாமல் எழுதித் தருகிறதே, எதற்கு இத்தனை பாடு?" என்று என் மருமகன் கேட்கிறார். தரட்டும். அது எழுதியது தான் நினைத்ததுதானா என்று பார்க்கவாவது பிள்ளைக்கு வாசிக்கத் தெரிய வேண்டாமா? என் மண்சரிவுச் செய்தியை நான் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். வாசித்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் விபரீதம்.

இனி, சிலர் மனதில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். தமிழ்ச் சங்கத்துப் பத்திரிகையில் ஆங்கிலப் பிரசாரமா? கூட்டத்தில் இதைத் தொட்டபோதே ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஊர்த் தமிழர்கள் நாம் யாருடைய வாரிசுகள்? மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இதே ஊரில் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றை வாசித்த வாசிப்பிலிருந்துதான் 1891-ல் மனோன்மணீயம் நாடகம் பிறந்தது. அதே மனிதர் திருவிதாங்கூரின் பண்டைய மன்னர்களைப் பற்றி, கல்வெட்டுகளை ஆராய்ந்து, ஆங்கிலத்தில் எழுதினார். பாரதி இளமையில் ஷெல்லியை வாசித்து 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார், ஆங்கிலத்திலும் எழுதினார். அதனால் அவருடைய தமிழ் குறைந்தா போயிற்று?

மறுபக்கமும் உண்டு. 2021-ல் மறைந்த நம் ஆ. மாதவன் பள்ளியில் மலையாளம் வழியே படித்தவர். தமிழைத் தாமே கற்றுக்கொண்டவர். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவையே தமிழ்ச் சிறுகதையில் நிறுத்தினார். 2015-ல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. பள்ளி தராத மொழியில் எழுதுவதற்கு வாசிப்பைத் தவிர அவருக்கு வேறு ட்யூஷன் ஏது?

தமிழில் வாசிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைதான் ஆங்கிலத்திலும் வேகமாக வாசிக்கிறது என்பதையும் திண்ணையில் கண்டேன். கதை எப்படிப் போகும், எங்கே திரும்பும் என்பது அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஆகையால் நான் கேட்பது தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைக்க அல்ல. தமிழ்ச் சிறுவர் நூலுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலச் சிறுவர் நூல். இருமொழி நூல்கள் இரண்டுக்கும் நடுவில்.

இந்த ஊரில் வாசிப்புக்குக் குறைவா என்று கேட்பீர்கள். 1829-ல் தோன்றிய பொது நூலகம் பாளையத்தில் இருக்கிறது. நூலக இயக்கத்தை வீடு வீடாகக் கொண்டு போன பி.என். பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று மறைந்தார். மறு ஆண்டு முதல் அந்த நாளை வாசிப்பு தினமாகக் கேரளம் கொண்டாடுகிறது. நல்ல காரியம். ஆனால் அந்த வாரத்தில் பள்ளிகளில் நடப்பது என்ன? உறுதிமொழி, போஸ்டர் போட்டி, வினாடி வினா, வாசிப்பின் மகிமை பற்றிப் பேச்சுப் போட்டி. பேச்சும் மனப்பாடம்! ஒரு பள்ளியில் பரிசு வழங்க என்னையும் அழைத்திருந்தார்கள். புத்தக அலமாரி கண்ணாடிக் கதவோடு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன். பொறுப்பாசிரியர் விடுமுறையில் இருந்தார்.

என் யோசனை சிறியது. நம் சங்கத்தில் சிறுவருக்கென்று பூட்டில்லாத அலமாரி ஒன்று. நூறு புத்தகம், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். சிறுவர் நூல் பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பத்தாயிரம் ரூபாயில் காரியம் ஆகிவிடும். மேலே சொன்ன நண்பர் ஏழு மாதத்தில் ட்யூஷனுக்குக் கொடுக்கும் தொகையைவிடக் குறைவு. சனிக்கிழமை ஒரு மணி நேரம் சங்கத்துக் கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்கட்டும். மேற்பார்வைக்கு நம்மில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! ஆங்கில இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தாமும் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டால் போதும். வேலையில் இருக்கும் தாய்மார்கள் மாதம் ஒரு முறை வந்து ஒரு கதையை உரக்க வாசிக்கலாம். புத்தகம் கிழியும், தொலையும். கிழிந்தால் ஒட்டுவோம். கிழியாத புத்தகத்தை யாரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனும் இரண்டு வாரமாகத் திண்ணைக்கு வருகிறான். அப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, ட்யூஷனையும் நிறுத்தவில்லை. பையன் டிங்கிள் வாசிக்கிறான், தலை நிமிராமல். எழுது என்று நான் இதுவரை அவனிடம் சொல்லவில்லை.

செயற்குழு சம்மதித்தால் முதல் முப்பது புத்தகங்கள் என் பொறுப்பு. வீட்டில் அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். வள்ளக்கடவில் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவரிடம் அலமாரிக்கு அளவும் கொடுத்து விலை கேட்டிருக்கிறேன். ஐந்தடி உயரம், நாலடி அகலம், நாலு தட்டு. கீழ்த் தட்டு தரையிலிருந்து ஓரடிதான் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டுவதற்காக. கதவு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.